பாட்டைக் கேளாமல் கருத்தைக் கேட்பவர்கள்: கேஸ்ட்லெஸ் கலெக்டிவை முன்வைத்து

1

'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவைப் பற்றித் தமிழ் இலக்கியச் சூழலில் இரண்டே வாக்கியங்கள் புழங்கிவருகின்றன. 'அது இசையல்ல, பிரச்சாரம்' என்பது ஒன்று. 'இசை எப்படியும் இருக்கட்டும், அவர்கள் சொல்லும் கருத்து முக்கியமானது' என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தைச் சொல்பவர் தம்மைத் தூய ரசனையின் காவலராக நினைத்துக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் தம்மை ஒடுக்கப்பட்டோரின் தோழராக எண்ணிக்கொள்கிறார். இருவரும் எதிரெதிர் அணியில் நின்று பக்கம் பக்கமாகச் சர்ச்சை செய்கிறார்கள். எங்களுக்கோ இவை இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் படுகின்றன. இரண்டுமே, அந்தப் பாடல்களை உட்கார்ந்து கேட்டாக வேண்டிய பொறுப்பிலிருந்து சொல்பவரை விடுவித்துவிடுகின்றன. ஒருவர் கேட்காமலே நிராகரிக்கிறார். மற்றவர் கேட்காமலே கைதட்டுகிறார்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையிலிருக்கிற கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு, சென்னை நகரத்துக் கிதார்க் குழுவொன்றைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன அவசியம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவசியம் இருக்கிறது. அந்தக் குழு மேடைக்குக் கொண்டுவந்த தோற்கருவிகள் எங்கள் ஊரிலும் ஒலிக்கின்றன. அவற்றை இசைப்பவர்களுக்கு நேர்வதும், அந்தக் குழுவுக்கு இலக்கியச் சூழலில் நேர்ந்ததும் வேறுவேறு அல்ல. இதை விளக்க முதலில் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். வரலாற்றைச் சொல்லாமல் அபிப்பிராயம் மட்டும் சொல்வது நம் சூழலின் பழைய நோய்.

2

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017ஆம் ஆண்டு இந்தக் குழுவை உருவாக்கின. தென்மா அதற்கு முன்பே கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற பெயரில் சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாடல்கள் செய்துகொண்டிருந்தவர். தொடக்கத்தில் 19 பேர். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அது மார்கழி மாதம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே நாட்களில் அதே நகரத்தின் சபாக்களில் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன. அவற்றைப் பற்றிய விமர்சனங்கள் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தன.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வருகிறது. பூர்வகுடி மக்களைச் சாதிப் பெயரால் குறிக்காமல் சாதிபேதமற்றவர் என்று குறிக்க வேண்டும் என வாதிட்டவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். நூறாண்டுக்கு முந்தைய ஒரு சிற்றிதழாளரின் சொல்லாட்சியை ஓர் இசைக்குழு தன் பெயராகச் சூடிக்கொண்டு வந்தது. இதற்காகவாவது சிற்றிதழ்க்காரர்கள் ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம்.

குழுவிலிருந்தவர்களின் பெயர்களைச் சொல்கிறோம். பெயர்களைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கமே. பாடியவர்கள் இசைவாணி, அறிவு, முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து. டோலக் தரணி. சட்டி சரத். கட்டமோளம் கௌதம். பறையும் தவிலும் நந்தன். டிரம்ஸ் மனு கிருஷ்ணன். கிதார் சாகிப் சிங். குழுவை நடத்தியவர் தென்மா. இந்தப் பட்டியலில் மூன்று உலகங்கள் இருக்கின்றன. வடசென்னையின் கானா ஒன்று. சாவு ஊர்வலத்தின் தோற்கருவிகள் இன்னொன்று. ராக்கும் ராப்பும் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தியதுதான் அவர்கள் செய்த காரியம்.

இது வெட்டவெளியில் முளைத்த செடி அல்ல. 2018இல் சென்னையில் தமிழ்ச் சுயாதீன இசை பிறந்துவிட்டதாக ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கே.ஏ. குணசேகரன் (1955-2016) தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலைத் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்த குரல் அவருடையது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் 1990களிலேயே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் திருவண்ணாமலையில் தமுஎச நடத்திய கலை இலக்கிய இரவுகளில் விடியவிடிய மக்கள் பாடகர்கள் பாடினார்கள். கானாவோ அதற்கெல்லாம் மூத்தது. வடசென்னையில் இழவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து இறந்தவரைப் பாடும் மரண கானாவுக்குச் சபாவும் தேவைப்படவில்லை, சினிமாவும் தேவைப்படவில்லை. சினிமாதான் கானாவைத் தேடிப் போனது. 1990களில் தேவா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் வழியாகக் கானா உலகநாதனின் குரல் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. 2012இல் இரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினார். ஆனால் திரையில் கானாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் குடியும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. அழுகையிலிருந்து பிறந்த ஒரு வடிவத்தைக் கேளிக்கையாக மட்டுமே அனுமதித்தார்கள்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அந்த ஒதுக்கீட்டை உடைத்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் என்று கானா எதையும் பாடலாம் என்று காட்டியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சிகளும் இதன் தொடர்ச்சியே. 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பிபிசி இசைவாணியைச் சேர்த்தது. 2022இல் வெளிவந்த 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்குத் தென்மா இசையமைத்தார். அறிவு தன் தனி வழியில் உலகமறிந்த பாடகரானார். ஓர் இசைக்குழு செல்வாக்குச் செலுத்தியது என்பதற்கு இவற்றைக் காட்டிலும் வேறென்ன சாட்சி வேண்டும்?

3

இனி, பிரச்சாரம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம்.

பிரச்சாரம் கலையாகாது என்பது நம் சிற்றிதழ் மரபில் வேதவாக்குப்போலச் சொல்லப்படுவது. சொல்பவர்கள் ஒருமுறை அண்ணாமலையார் கோவிலுக்கு வந்து போகலாம். அங்கே ஓதப்படுகிற சம்பந்தர் பதிகங்களின் அமைப்பு என்ன? எட்டாம் பாட்டு இராவணனுக்கு. ஒன்பதாம் பாட்டு அடிமுடி தேடிய மாலுக்கும் அயனுக்கும். பத்தாம் பாட்டு சமண பௌத்தரைச் சாடுவதற்கு. ஏறக்குறைய எல்லாப் பதிகங்களிலும் தவறாமல் வரும் முறை இது. எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லி வசைபாடுவதற்கென்றே ஒரு பாட்டை ஒதுக்கிவைத்த இசை வடிவம் தேவாரம். அதைப் பிரச்சாரம் என்று யாரும் தள்ளிவிடவில்லை, தள்ளவும் கூடாது. பண்ணும் தாளமும் சொல்லும் அதில் அப்படிக் கூடியிருக்கின்றன. ஆனால் பத்தாம் பாட்டுக்குக் காட்டுகிற பெருந்தன்மையை வடசென்னையிலிருந்து வந்தவனுக்குக் காட்டாதது ஏன்?

இன்னும் கிட்டத்தில் வருவோம். பாரதியின் தேசியப் பாடல்கள் பிரச்சாரமில்லையா? கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியது பிரச்சாரமில்லையா? 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, எந்த மொழியில் பாடுவது என்பதே அரசியல் போராட்டமாக இருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது அந்தப் போராட்டத்தின் விளைவு. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதிய கல்கி அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார். அவருடைய ரசனையை அவருடைய கட்சி கெடுத்துவிட்டதாக யாரும் எழுதவில்லை.

வெளிநாட்டு உதாரணம்தான் நம் அறிவுஜீவிகளுக்கு உறைக்கும் என்றால் அதுவும் இருக்கிறது. 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் 'இனவாதத்துக்கு எதிராக ராக்' இயக்கம் நடத்திய பெருவிழாவில் 'தி கிளாஷ்' பாடியது. அந்தக் குழுவின் அரசியலை யாரும் மறைப்பதில்லை; அதனால் அதன் இசையை யாரும் குறைத்தும் பேசுவதில்லை. 2016இல் பாப் டிலனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நம் சூழலில் எத்தனை பேர் பூரித்தார்கள்! போரையும் இனவெறியையும் எதிர்த்து அவர் பாடியவை 'இலக்கியம்' ஆகிவிட்டன. அதே எதிர்ப்பை ஒருவர் சென்னைத் தமிழில் பாடினால் அது 'கோஷம்' ஆகிவிடுகிறது. இங்கே அளவுகோல் மாறுகிறதா, அளக்கப்படுபவரின் முகவரி மாறுகிறதா?

கருத்தாக மட்டும் ஒரு பாட்டைக் குறுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 'ஐ ஆம் சாரி ஐயப்பா' ஓர் எடுத்துக்காட்டு. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டில் இசைவாணி பாடிய பாடல் அது. ஆறாண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அதன் துண்டு ஒன்று சமூக ஊடகங்களில் சுற்றவிடப்பட்டு, அவர்மீது புகார்கள் குவிந்தன. நீலம் பண்பாட்டு மையம் விளக்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. பாட்டு முழுவதையும் கேட்டவர் எத்தனை பேர்? அது எந்த மேடையில், எந்த மரபில், எந்தக் கேலித் தொனியில் பாடப்பட்டது என்று எழுதிவைத்த ஓர் இசை விமர்சனமாவது இருந்திருந்தால், பேச்சை அதிலிருந்து தொடங்கியிருக்கலாம். அப்படி எதுவும் கையில் கிடைக்கவில்லை. ஆகவே பாட்டு ஒரு வரியாயிற்று. வரி ஒரு குற்றமாயிற்று.

4

இப்போது நண்பர்களிடம் வருவோம். பகைவர்களைவிட இவர்கள்மீதுதான் எங்களுக்கு வருத்தம் அதிகம்.

ஒரு சபாக் கச்சேரியின் விமர்சனத்தை எடுத்துப் பாருங்கள். எந்த ராகம் விரிவாக ஆலாபனை செய்யப்பட்டது, நிரவல் எந்த இடத்தில், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார், தனி ஆவர்த்தனம் எப்படி அமைந்தது, எந்தச் சுவரம் தவறியது எல்லாம் அதில் இருக்கும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவைப் புகழ்ந்து வந்த கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். 'ஒடுக்கப்பட்டோரின் குரல்', 'சாதியத்தின் முகத்தில் விழுந்த அறை', 'காலத்தின் தேவை'. பறை வாசித்தவர் பெயர் எங்கே? அவர் என்ன நடையில் வாசித்தார்? குரல் எந்தச் சுருதியில் நின்றது? கிதார் எந்த இடத்தில் நுழைந்தது? எதுவும் இருக்காது. அரங்கத்தில் ஒருவருக்குக் கலைஞர் என்ற மரியாதை. இன்னொருவருக்குப் பாதிக்கப்பட்டவர் என்ற அனுதாபம். இந்தப் பாகுபாட்டுக்கு வேறு பெயர் வைக்க எங்களுக்குத் தெரியவில்லை.

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறோம். பறை என்பது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சித் தோலை இறுக்க வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் அது தளர்ந்துவிடும். வலக்கையின் தடித்த அடிக்குச்சி ஒரு நாதம், இடக்கையின் மெல்லிய சிண்டுக்குச்சி இன்னொரு நாதம். இந்தச் சுருதி நிமிடத்துக்கு நிமிடம் நகரக்கூடியது. மின்கிதாரின் சுருதியோ நிலையானது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் மோதவிடாமல் இசையவைப்பது எளிய காரியமா? குத்துப் பாட்டின் இயல்பான ஓட்டம் மும்மை நடை. ராக் இசை பெரும்பாலும் நான்கின் கட்டில் நடப்பது. இரண்டு நடைகளும் சந்திக்கிற இடத்தில் டிரம்ஸ்காரர் யார் பக்கம் நிற்க வேண்டும்? கானாப் பாடகர் தொடக்கத்தில் தாளமில்லாமல் இழுத்துப் பாடுகிற பகுதி, விருத்தத்துக்கு உறவானது. அந்த இழுவையில் ஒப்பாரியின் கமகம் இருக்கிறது. அது முடிந்து தாளம் விழுகிற கணத்தில் கூட்டம் எழுந்து ஆடுகிறது. துக்கம் ஆட்டமாக மாறுகிற அந்த ஒரு கணம்தான் இந்த இசையின் உயிர்நாடி. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதப்பட்டிருக்கிறதா?

இசையாகக் கேட்டால் குறை சொல்லும் உரிமையும் வந்துசேரும். சொல்கிறோம். சில பாடல்களில் கிதாரின் இரைச்சல் கானாக் குரலின் நுட்பமான நெளிவுகளை விழுங்கிவிடுகிறது. சில பாடல்கள் முடிவை நெருங்கும்போது எல்லோரும் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப உரத்துச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பாட்டு வளர்வதில்லை, சத்தம் மட்டுமே வளர்கிறது. மரண கானாவின் அந்தரங்கம் பெரிய மேடையின் ஒலிபெருக்கியில் கரைந்துபோகிறது என்பதும் எங்கள் எண்ணம். இவற்றோடு நீங்கள் முரண்படலாம். முரண்படுங்கள், அதைத்தான் கேட்கிறோம். கருத்தைப் பாராட்டுகிறவனோடு முரண்பட இடமே இல்லை. 'கருத்து முக்கியமானது' என்ற சொற்றொடர் பாராட்டுப்போலத் தோன்றினாலும், அது உரையாடலை மூடிவைக்கிற மூடிதான்.

5

இன்னொரு வசை உண்டு. 'அது சுயாதீனக் குழுவே அல்ல. பின்னால் சினிமா இயக்குநர் இருக்கிறார், சினிமாப் பணம் இருக்கிறது' என்பது. இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

'இண்டி' என்ற சொல் முதலில் ஓர் ஓசையைக் குறிக்கவில்லை, உடைமையைக் குறித்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் 'பஸ்காக்ஸ்' குழு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. பெரிய நிறுவனம் வேண்டாம், நம் தட்டை நாமே அச்சிடுவோம் என்ற துணிவுக்கு வைத்த பெயர்தான் பிறகு ஓர் இசை வகையின் பெயராயிற்று. அந்தக் கண்டிப்பான பொருளில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு ஒரு புரவலர் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த இசை வகை முழுவதுமே யாரைத் தன் மூதாதை என்று சொல்லிக்கொள்கிறது? நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' குழுவை. அதன் புரவலர் ஓவியர் ஆண்டி வார்ஹோல். 1967இல் வந்த முதல் இசைத்தட்டின் முன்னட்டையில் ஒரு வாழைப்பழமும் வார்ஹோலின் பெயரும்தான் இருந்தன. குழுவின் பெயர் அங்கே இல்லை. தட்டு அப்போது சரியாக விற்கவுமில்லை.

ஆனால் பிறகு நடந்தது என்ன? விமர்சகர்கள் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எழுதினார்கள். லூ ரீட் என்ன செய்தார், ஜான் கேலின் வயோலா என்ன செய்தது, ஸ்டெர்லிங் மாரிசனின் கிதார் என்ன செய்தது என்று பிரித்து எழுதினார்கள். மோரீன் டக்கர் என்ற பெண் டிரம்ஸ் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டு, பெரிய டிரம்மைப் படுக்கவைத்து, பஞ்சுத்தலைக் கோல்களால் அடித்தார் என்பதுவரை பதிவுசெய்தார்கள். ஐம்பதாண்டு கழித்துக் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பெண் நின்றுகொண்டு வாசித்தார் என்று தெரிகிறது. புரவலரின் பெயரை அட்டையில் போட்டிருந்தும் கலைஞர்களின் பெயர் அழியவில்லை. அழியவிடாமல் காத்தது விமர்சனம்.

விமர்சனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்ணெதிரே பார்த்தோம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதற்குள் கொண்டுவந்திருந்தார். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை குடும்பங்களைக் கப்பலேற்றியது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாத அளவுக்கு ஒரு பாட்டு சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள்; அறிவு இல்லை. இரஞ்சித் அதைப் பொதுவெளியில் சுட்டிக்காட்டிய பிறகு, அவ்விதழ் அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாடல் மேடையேறியது. தன் உழைப்பு மறைக்கப்படுவதாக அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை எழுதினார்கள்.

அவர்களுக்குள் யார் சொல்வது முழு உண்மை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. எங்கள் கேள்வி வேறு. சொல், மெட்டு, ஒப்பாரியின் மூலம், தாளக் கோப்பு, குரல் என்று ஒரு பாட்டின் ஒவ்வொரு கூறும் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதுகிற ஒரு விமர்சன மரபு தமிழில் உயிரோடு இருந்திருந்தால், இந்தச் சண்டை அறிக்கைகளின் சண்டையாக முடிந்திருக்குமா? கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு அது. அதன் கருத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதன் உருவாக்கத்தைப் பற்றி எழுதிய பத்திரிகை எது?

6

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணம் இருக்கிறது. செய்யாற்றுப் பக்கம் புரிசை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் தம்பிரான் குடும்பத்தின் ஊர். கூத்தாடிகள் என்று ஏளனமாகப் பேசப்பட்ட காலத்தில், 1970களில், ந. முத்துசாமி என்ற சிறுகதையாளர் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்தார். அவர் அதை 'கிராமத்து மக்களின் குரல்' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகவில்லை. அடவு, பாட்டு, முகவீணை, ஒப்பனை, மேடையின் வெளி என்று ஒவ்வொன்றையும் உலக நாடகத்தோடு ஒப்பவைத்து எழுதினார். 'அன்று பூட்டிய வண்டி' என்ற கட்டுரைத் தொகுதி அப்படி வந்தது. 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் என்ற பெயர்கள் இன்று தமிழ் நாடக வரலாற்றில் இருக்கின்றன என்றால், அவர்கள் ஆடியது முதற்காரணம். ஒரு சிற்றிதழ் எழுத்தாளர் கலையாகப் பார்த்து எழுதியது இரண்டாம் காரணம்.

அந்த இரண்டாம் காரணம் கானாவுக்கு வாய்க்கவில்லை. பறைக்கும் வாய்க்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் ஒன்றாகச் சொல்கிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அந்தப் பெருமையில் குறைவில்லை. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருதும் வந்தது. நல்லதுதான். ஆனால் விருது வந்த வேகத்தில் விமர்சனம் வரவில்லை. சப்பரத்தடி, சாமிச்சாட்டு, மருளடி, மாரடிப்பு, வாழ்த்தடி என்று பறைக்கு இத்தனை அடிகள் இருக்கின்றனவே, இவற்றுள் ஒன்றையேனும் அடையாளம் கண்டு சொல்லக்கூடிய இலக்கிய வாசகர்கள் எத்தனை பேர்? தோடியையும் கல்யாணியையும் பிரித்தறியத் தெரியாதவரை நம் சூழலில் ரசனையற்றவர் என்கிறார்கள். மருளடியையும் வாழ்த்தடியையும் பிரித்தறியத் தெரியாதது ஏன் யாருக்கும் வெட்கமாக இல்லை?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் சாவுக்குப் பறை இன்றும் வேண்டும். பிணம் எடுக்கும்வரை அடித்தவர்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பாதி இரவில் தாளத்தை மாற்றித் துக்கத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோன கை யாருடையது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்பதில்லை. 'மேளக்காரனுக்குக் காசு கொடுத்தாச்சா' என்ற கேள்விதான் கேட்கப்படுகிறது. படித்த பிள்ளைகள் அதே பறையைத் தோளில் மாட்டிக் கல்லூரி விழாவில் ஆடுகிறார்கள், கைதட்டு கிடைக்கிறது. கருவிக்கு இழிவு நீங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் காலமெல்லாம் காய்ச்சி அடித்தவருக்கு நீங்கவில்லை. கருவியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்துக் கொண்டாடுவது, பாட்டிலிருந்து கருத்தைப் பிரித்தெடுத்துக் கொண்டாடுவதன் இன்னொரு வடிவம். கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடையில் சட்டியும் கட்டமோளமும் அவற்றை வாசித்தவர்களோடு சேர்ந்தே ஏறின. கிதாருக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில், அதே வரிசையில் அவர்கள் நின்றார்கள். அந்தக் குழுவின் வரலாற்றில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த நிற்றல்தான். எழுதியவர்களோ திரும்பவும் அவர்களைப் பெயரில்லாத கூட்டமாக்கிவிட்டார்கள்.

ஆகவே இலக்கிய இதழ்களின் ஆசிரியர்களுக்கு எங்கள் கோரிக்கை இது. சிறப்பிதழ் வேண்டாம். 'விளிம்புநிலை இசை' என்ற தலைப்பில் கருத்தரங்கமும் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கானாவையோ ஒரு பறை நிகழ்வையோ ஒரு சுயாதீனப் பாடலையோ, கச்சேரி விமர்சனம் எழுதுகிற அதே கண்டிப்போடு எழுதச் செய்யுங்கள். வாசித்தவர் பெயர், அவருடைய ஆசான் பெயர், வாசித்த அடியின் பெயர், தவறிய இடம், உச்சத்தைத் தொட்ட இடம். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுதட்டும். பிரச்சாரம் என்று ஒதுக்குபவர்களும் கருத்து என்று தழுவுபவர்களும் கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பங்குக்கு, கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பறை இசைப்பவர்களைச் சந்தித்து, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் வாசிக்கும் அடிகளையும் யாரிடம் கற்றார்கள் என்பதையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் கட்டுரை ஒரே ஒரு அடியைப் பற்றியது. அதை வெளியிட எந்த இதழ் முன்வருகிறது என்று பார்ப்போம்.